ஊமைக்காயம் ஆற எத்தனை நாளாகும்? எனக்கு 27 வாரக் கர்ப்பம், இடது பக்கம் படுக்க முடியவில்லை

முறுக்கு அச்சு, பினாங்கு
செவ்வாய், அதிகாலை 3.40

வணக்கம். இந்தப் பெயரை இன்றுதான் வைத்துக்கொண்டேன். காரணம் படித்தால் புரியும்.

12 நாள்களுக்கு முன், தீபாவளிக்கு முந்திய வாரம், படியில் விழுந்தேன். ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். மின்தூக்கி பழுதாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. நான்காம் மாடி அக்காவிடம் வாங்கிய முறுக்கு அச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். யாரோ படியைக் கழுவிவிட்டு அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். வழுக்கியது எந்தக் கால் என்பதுகூட நினைவில்லை. இடது இடுப்பு படியின் விளிம்பில் மோதிய சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. நெற்றுத் தேங்காயைச் சிமெண்டுத் தரையில் போட்டது போன்ற சத்தம். வயிற்றில் அடி படவில்லை. எழுந்து பார்த்தபோது இரண்டு கைகளும் வயிற்றைப் பிடித்தபடிதான் இருந்தன. கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தால் இடுப்புக்கு இவ்வளவு ஆகியிருக்காது என்று கணவர் சொல்கிறார். அவர் விழுந்து பார்க்கட்டும்.

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனோம். வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி நான்கு மணி நேரத்துக்கு மேல் படுக்க வைத்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு குதிரை ஓட்டம் போல ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், தோளில் ஓர் ஊசியும் போட்டார்கள். எதற்கு ஊசி என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அந்த மருத்துவரை அடுத்த கட்டிலுக்கு அழைத்துவிட்டார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, எனக்கு வெறும் கன்றல்தான், தானாக ஆறிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். எத்தனை நாளில் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

முதல் நாள் வீக்கம் மட்டும்தான். மூன்றாம் நாள் பார்த்தால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறம். எட்டாம் நாள் ஓரமெல்லாம் பச்சை. இப்போது மேல்தோல் பழைய மஞ்சள் கறை போல வெளுத்துவிட்டது. பார்ப்பவர்கள் எல்லாம் ஆறிவிட்டதே என்கிறார்கள். ஆனால் விரலால் அழுத்தினால் உள்ளே எலுமிச்சங்காய் அளவில் கெட்டியாக ஒன்று இருக்கிறது. இன்னொரு வினோதம்: அடியே படாத முழங்காலின் வெளிப்பக்கம் நேற்றிலிருந்து மஞ்சளாகியிருக்கிறது. உள்ளே இன்னும் இரத்தம் கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது.

தூக்கம்தான் பெரிய தொல்லை. கிளினிக்கில் தாதி இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருக்கிறார். இடது பக்கம்தான் காயம். வலது பக்கம் திரும்பினால் குழந்தைக்கு இரத்தம் போகாதோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. மல்லாந்தால் மூச்சு முட்டுகிறது. ஆகவே அதிகாலையில் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அத்தைக்கு என்மேல் உயிர். அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஊமைக்காயத்தை உருவி விடாவிட்டால் இரத்தம் உள்ளே கட்டிக்கொண்டு வயதான காலத்தில் மழைக்கு மழை வலிக்கும் என்று சொல்லி, வருகிற வெள்ளிக்கிழமை உருவிவிடும் பாட்டி ஒருவரை வரச் சொல்லியிருக்கிறார். கணவர் மருந்துக்கடையில் வலிக்களிம்பு வாங்கி வந்தார். பக்கத்து வீட்டு மலாய் அக்கா லங்காவியிலிருந்து கொண்டுவந்த காமாட் (கடல் அட்டை) எண்ணெயைக் கொடுத்தார். நான்காம் மாடி அக்கா பச்சை நிறத் தைலம் கொடுத்தார். எல்லாம் மேசைமேல் கொலு வைத்ததுபோல் இருக்கின்றன. எதையும் நான் தொடவில்லை, பாராசிட்டமோல் தவிர.

ஊமைக்காயம் முழுமையாக ஆற எத்தனை நாள்? கர்ப்பமாக இருப்பதால் கூடுதல் நாளாகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பட்டர்வொர்த் மோட்டார்காரன்
செவ்வாய், காலை 7.15

சகோதரி, கர்ப்பத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஊமைக்காயம் நன்றாகத் தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மழையில், பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால் மோட்டார் சறுக்கி விழுந்தேன். கைப்பிடி வலது விலாவில் குத்தியது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. மருத்துவர் சிரித்துக்கொண்டே “அதிர்ஷ்டசாலி” என்றார். அடுத்த பத்து நாள் அந்த அதிர்ஷ்டத்தை நினைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழ முடியாமல் கிடந்தேன். இருமினால் கத்தியால் குத்துவது போல் இருக்கும். தும்மல் வருகிறது என்று தெரிந்தால் தலையணையை விலாவோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொள்வேன். அந்த வித்தையை மருத்துவமனைத் தாதி சொல்லிக்கொடுத்தார், மிகவும் பயன்பட்டது.

என் அம்மா பழைய வேட்டியைக் கிழித்து மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். இதமாகத்தான் இருந்தது. மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். கட்டு இருந்தால் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவேனாம், சளி தேங்கி நிமோனியா வருமாம். வலித்தாலும் பரவாயில்லை, மணிக்கு ஒரு முறை பத்துத் தடவை ஆழமாக மூச்சை இழுத்து விடு என்றார்.

என் கணக்கு இது: மூன்று வாரத்தில் வேலைக்குப் போனேன். ஐந்தாம் வாரம் வலிக்காமல் சிரித்தேன். அந்தப் பக்கம் புரண்டு படுக்க ஏழு வாரம். மேலே தோலில் ஓர் அடையாளமும் இல்லை, அதனால் வீட்டில் யாரும் நம்பவும் இல்லை. ஊமைக்காயம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

என் தம்பியின் கதை இன்னும் மோசம். பந்து விளையாடும்போது முட்டி இடித்து, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல், எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் எலும்புக்குள் கன்றியிருக்கிறது என்றார்கள். அவனுக்கு நான்கு மாதம் பிடித்தது. ஆகவே 12 நாளில் ஆறவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.


சுங்கை பாக்காப் பெரியம்மா
செவ்வாய், காலை 9.02

கற்றாழைச் சாறு இறுகிய மூசாம்பரத்தை வாங்கி, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்து, இளஞ்சூட்டில் பற்றுப் போடு மகளே. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் மருத்துவமனை எங்கே இருந்தது? ஏணியிலிருந்து விழுந்தவர்கள் எல்லாம் இதில்தான் எழுந்தார்கள். இரண்டு மூன்று பற்றில் வீக்கம் வடிந்துவிடும். உருவுவதற்கு முன் நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்.


வெள்ளைச் சீருடை 31 ஆண்டு
செவ்வாய், பிற்பகல் 2.30

முறுக்கு அச்சு மகளே, நீ என்றே எழுதுகிறேன். என் கடைசி மகளின் வயதுதான் உனக்கும் இருக்கும். 31 ஆண்டு தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் பிரசவப் பகுதியில்.

முதலில் அந்த வெள்ளிக்கிழமைப் பாட்டியைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடு. நீ சொல்லும் எலுமிச்சங்காய், தசைக்குள் தேங்கி உறைந்த இரத்தம். உடல் அதை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் போட்டு உருவினால் ஆறுகிற குழாய்கள் மறுபடி கிழிந்து புதிதாகக் கசியும். சிலருக்கு அந்த இடத்தில் எலும்பு போலச் சுண்ணாம்பு படிந்து, கால் மடக்கவே மாதக்கணக்கில் சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். மழைக்கு மழை வலி என்று உன் அத்தை பயப்படுவதற்கு உருவுதல்தான் வழி செய்யும்.

கர்ப்பிணிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரசவத்தில் இரத்தப்போக்கைத் தாங்குவதற்காகக் கர்ப்ப காலத்தில் இரத்தம் சீக்கிரம் உறையும்படி உடல் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதனால் காயத்தில் கசிவு நிற்பதில் உனக்குக் குறை இல்லை. ஆனால் அதே காரணத்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தக் கட்டி ஏற்படும் வாய்ப்பும் மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு. நீ வலிக்குப் பயந்து நாற்காலியிலேயே கிடக்கிறாய் வேறு. இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கினால், சூடாக இருந்தால், வலித்தால், அது கன்றல் இல்லை. அதைத் தேய்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போ. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அவசர எண் 999ஐ அழை. நடக்க முடிகிறதல்லவா? வீட்டுக்குள் மணிக்கு ஒரு முறை எழுந்து நட.

இனி நீ கேட்ட கணக்கு. தோலில் பட்ட கன்றல் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். தசைக்குள் ஆழமாகப் பட்டது நான்கிலிருந்து ஆறு வாரம். உன்னுடையதுபோல் கட்டியாக நின்றுவிட்டால் இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், அதுவும் இயல்புதான். விலா மூன்றிலிருந்து ஆறு வாரம். மோட்டார்காரத் தம்பி சொன்ன ஏழு வாரமும் நடக்கிற கதைதான். எலும்பே கன்றினால் மாதக்கணக்கு. கர்ப்பம் என்பதற்காக இந்த நாள்கள் நீளுவதில்லை. ஆனால் நாளுக்கு நாள் கூடும் எடையையும் அந்த இடுப்புதான் சுமக்கிறது, மூட்டுகளும் தளர்கின்றன, அதனால் ஆறிய பிறகும் வலி சற்று இழுக்கும்.

முழங்கால் மஞ்சளுக்குப் பயப்படாதே. அது புதுக் கசிவு இல்லை. இடுப்பில் சிந்திய இரத்தம் தண்ணீர் மாதிரி பள்ளத்தை நோக்கி இறங்கிவந்திருக்கிறது. நெற்றியில் அடிபட்டவருக்கு இரண்டு நாள் கழித்துக் கண்ணைச் சுற்றிக் கருப்பதும் அப்படித்தான். நிறம் மாறுவதற்கும் காரணம் உண்டு: சிந்திய இரத்தத்தின் சிவப்புப் பொருளை வெள்ளணுக்கள் தின்று செரிக்கும்போது முதலில் பச்சை நிறமி, பிறகு மஞ்சள் நிறமி. பிறந்த பிள்ளைகளை மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழே படுக்க வைக்கிறோமே, அதே மஞ்சள்தான் உன் முழங்காலிலும். கடைசியில் இரும்பு மட்டும் தங்கிப் பழுப்பாக நிற்கும். மாநிறத்தோலில் அந்தப் பழுப்பு பல வாரம் போகாது. மேல்தோல் வெளுப்பதை வைத்து உள்ளே ஆறிவிட்டது என்று கணக்குப் போட முடியாது. கையால் தொட்டுப் பார், கட்டி வாரத்துக்கு வாரம் சிறுத்தால் போதும். அதற்கு மாறாகப் பெருத்தால், தொட்டால் சுட்டால், காய்ச்சல் வந்தால், தொடை மரத்துப்போனால், தொடையிடுக்கில் வலி கூடிக் காலை ஊன்ற முடியாமல் போனால் மருத்துவர் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே தேவை என்று சொன்னால் குழந்தைக்குப் பயந்து மறுக்காதே, தேவைப்பட்ட இடத்தில் கர்ப்பிணிக்கும் எடுப்பார்கள்.

இது ஒன்றையும் சேர்த்துக்கொள்: இந்த முழங்கால் தவிர, அடிபடாத இடங்களில் புதிதாகக் கன்றல் வந்தால், பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கண்டால், அது விழுந்ததன் கணக்கில் வராது. கர்ப்பத்தில் இரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) கொஞ்சம் குறைவது உண்டு. போதாததற்கு இது மழைக்காலம், டெங்கி வேறு. இரத்தப் பரிசோதனை செய்துவிடு.

உன் கொலுவுக்கு வருகிறேன். பாராசிட்டமோல் சரி, அட்டையில் சொன்ன அளவோடு. கணவர் வாங்கிய களிம்பின் பெட்டியைப் படி. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று இருந்தால் மூடி வை. 20 வாரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்து மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020இல் எச்சரித்தது. களிம்பில் உடலுக்குள் போவது குறைவுதான், இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். நான்காம் மாடித் தைலம் மூக்கைத் துளைக்கும் வாசனை அடிக்குமே, பலவற்றில் அது மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதுவும் வேண்டாம். காமாட் எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்று புட்டிக்குப் புட்டி வேறு. பக்கத்து வீட்டு அக்காவின் மனம் நோகாமல் வாங்கி வைத்துக்கொள், பிரசவம் முடியட்டும்.

முதல் இரண்டு நாள்தான் பனிக்கட்டி. இப்போது வெதுவெதுப்பான ஒத்தடம், துணியை நனைத்துப் பிழிந்து, 15 நிமிடம். சுடச்சுட வேண்டாம்.

படுக்கை: வலது பக்கம் தாராளமாகப் படு! இடது பக்கம் சற்று மேல், அவ்வளவுதான். 28 வாரத்திலிருந்து மல்லாந்து தூங்கப் போகாமல் இருப்பதுதான் முக்கியம். கருப்பையின் எடை முதுகுத்தண்டின் அருகில் ஓடும் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். வலது பக்கம் திரும்பி, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே மடித்த துண்டு ஒன்று, இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை. நடுவில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் பதற்றப்படாதே, திரும்பிப் படு.

இனி நான் உன்னைக் கேட்கிறேன். தோளில் போட்ட ஊசி எது? கிளினிக்கில் கொடுத்த கர்ப்பப் பதிவேடு, அந்தப் பிங்க் புத்தகத்தை எடுத்து, இரத்த வகை எழுதிய இடத்தைப் பார்த்துச் சொல்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதே. படியில் விழுந்தேன் என்று சொல்லி வந்த எல்லாப் பெண்களிடமும் தனியாக ஒரு கேள்வி கேட்டுப் பழகியவள் நான்: யாராவது தள்ளினார்களா, அடித்தார்களா? உனக்கு அப்படி இல்லாவிட்டாலும் இதைப் படிக்கிற இன்னொருத்திக்கு இருக்கலாம். தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசிச் சேவையின் எண் 15999, எந்த நேரமும் எடுப்பார்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலும் இதற்கென்றே தனி இடம் உண்டு.

சுங்கை பாக்காப் பெரியம்மா, மூசாம்பரப் பற்று என் அம்மாவும் போட்டதுதான். மேலே பூசியது எத்தனை பேரைக் காப்பாற்றியது, எத்தனை பேருக்கு நாளாகித் தானாக ஆறியது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் கர்ப்பிணி வீட்டில் அதைக் கையாளும்போது ஒரு துளியும் வாய்க்குப் போகக் கூடாது. அது கடும் பேதி மருந்து.


செந்தூல் அம்மா
செவ்வாய், இரவு 8.45

தலைப்பில் ஊமைக்காயம், கர்ப்பம் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துப் பார்த்ததும் உள்ளே வந்தேன். என் கதை வேறு, இருந்தாலும் எழுதுகிறேன். என்னைப்போல் யாராவது தேடி வரக்கூடும்.

எனக்கு ஒன்பதாம் வாரத்தில் இரத்தம் பட்டது. விழவில்லை, எதையும் தூக்கவில்லை. ஸ்கேனில் கருப்பைச் சுவருக்கும் கருவைச் சுற்றிய உறைக்கும் நடுவே இரத்தம் தேங்கியிருக்கிறது என்றார்கள். “உள்ளே ஒரு கன்றல் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று அந்த இளம் மருத்துவர் விளக்கினார். பெயர் சப்கோரியானிக் ஹெமடோமா. வீட்டுக்கு வந்து நான் என்ன செய்தேன், எதைச் சாப்பிட்டேன், எந்தப் படியில் ஏறினேன் என்று ஒவ்வொன்றாக யோசித்து அழுதேன். நான் செய்த எதனாலும் வருவதில்லை என்று மூன்றாவது தடவை சொன்ன பிறகுதான் நம்பினேன்.

பெரும்பாலும் 20 வாரத்துக்குள் தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். எனக்கு 16ஆம் வார ஸ்கேனில் காணவில்லை. இடையில் நான்கு வாரம் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. பழைய இரத்தம் வெளியேறுகிறது, புதுச் சிவப்பு வந்தால்தான் உடனே வர வேண்டும் என்றார்கள். முழு ஓய்வு எடுத்தால் கரு தங்கும் என்று என் அம்மா கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. கட்டிலோடு கிடப்பதால் பலன் உண்டென்று நிரூபணமாகவில்லை, கனமானதைத் தூக்காமல் சாதாரணமாக நடமாடு என்று மருத்துவர் சொன்னதை அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாலை நேரத்தில் அம்மா கோயிலுக்குப் போனதும் எழுந்து வீட்டைச் சுற்றி நடப்பேன்.

அந்தக் கரு இப்போது முதலாம் ஆண்டு படிக்கிறான். நேற்றுக்கூடப் பள்ளியிலிருந்து கன்றிய முட்டியோடு வந்தான்.


முறுக்கு அச்சு, பினாங்கு
புதன், காலை 10.20

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு வலது பக்கம், நான்கு தலையணைகளோடு, ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். கணவருக்குத் தலையணை இல்லை.

தாதி அம்மா, கோபம் இல்லை. கணவர் அன்று பாயான் லெப்பாசில் பகல் வேலையில் இருந்தார்; என்னைத் தூக்கி உட்கார வைத்தவர்கள் கீழ்வீட்டுச் சீனத் தாத்தாவும் அவர் பேரனும். நீங்கள் கேட்ட கேள்வியை மருத்துவமனையிலும் கணவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு தாதி கேட்டார். அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது இல்லை.

பிங்க் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இரத்த வகை: பி நெகட்டிவ்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் முறை கிளினிக்கில் இரத்தம் எடுத்தபோது முடிவுகளை வரிசையாகப் படித்தார்கள். எச்ஐவி நெகட்டிவ், சிபிலிஸ் நெகட்டிவ், ஹெப்பட்டைட்டிஸ் நெகட்டிவ், இரத்தம் பி நெகட்டிவ். எல்லாம் நெகட்டிவ் என்றால் எல்லாம் நல்லது என்று நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். பிறகு தாதி ஏதோ விளக்கினார், கணவரின் இரத்த வகையையும் கேட்டார். நான் தலையாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் ஓ பாசிட்டிவ். தோளில் போட்ட ஊசி அதற்காகவா?


வெள்ளைச் சீருடை 31 ஆண்டு
புதன், காலை 11.05

அதற்காகத்தான். அதன் பெயர் ஆன்டி டி. இதை நினைத்துத்தான் நேற்றுக் கேட்டேன்.

அப்பா பாசிட்டிவ் என்றால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம். விழுந்த அதிர்ச்சியில் குழந்தையின் இரத்தம் கொஞ்சம் உன் இரத்தத்தில் கலந்தால், உன் உடல் அதை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கும். இந்தக் குழந்தைக்கு அனேகமாக ஒன்றும் ஆகாது. அடுத்த குழந்தைதான் அடிவாங்கும். வயிற்றிலேயே அதன் இரத்த அணுக்கள் உடைந்துபோகும். அந்தத் தயாரிப்பு தொடங்குவதற்கு முன்பே தடுக்கிற ஊசி இது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், உனக்கு அன்றைக்கே போட்டுவிட்டார்கள். எடுத்த இரத்தமும் எவ்வளவு கலந்திருக்கிறது, ஒரே ஊசி போதுமா என்று பார்ப்பதற்காக இருக்கும்.

நெகட்டிவ் வகை மலாய்க்காரர், சீனர்களைவிட நம் இந்தியர்களிடம் அதிகம். ஆனாலும் நம் வீடுகளில் இதை அறிந்தவர்கள் குறைவு. வயிற்றில் அடி படவில்லை என்று சொல்லி வீட்டிலேயே படுத்துவிடுகிறார்கள். நீ இடுப்புக்காக மருத்துவமனைக்குப் போனாயா, குழந்தைக்காகப் போனாயா என்பது எனக்குத் தெரியாது, போனது நல்லது. கர்ப்பிணி விழுந்தால் நஞ்சுக்கொடி சுவரிலிருந்து பிரிகிறதா என்பதுதான் எங்கள் பயம். அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஸ்கேனில் மட்டும் நம்பிக்கை வைக்க முடியாது, பல சமயம் ஸ்கேன் சுத்தமாக இருக்கும். அதனால்தான் உன்னை அந்தப் பட்டைகளோடு நான்கு மணி நேரம் கட்டிப்போட்டார்கள். இரத்தம் கூடியிருக்கும் உடம்பு என்பதால் உள்ளே கணிசமாக இழந்த பிறகும் தாயின் நாடித்துடிப்பு சாதாரணமாகவே காட்டி ஏமாற்றும், குழந்தையின் துடிப்புதான் முதலில் சொல்லும். நீ அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாய். இருந்தாலும் இரத்தம் பட்டால், நீர் வடிந்தால், வயிறு பலகை போல இறுகி விட்டுக்கொடுக்காமல் வலித்தால், அசைவு குறைந்தால், நாள் கணக்குப் பார்க்காமல் போ.

இரண்டு வேலை. ஒன்று, 28ஆம் வாரத்தில் வழக்கமான ஆன்டி டி ஊசி உண்டு. அன்று விழுந்தபோது போட்டாயிற்று என்று யாரும் விட்டுவிடக் கூடாது, அது தனிக் கணக்கு. அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது நீயே வாய் திறந்து கேள். இரண்டு, அதே வாரத்திலிருந்து அசைவு அட்டை நிரப்பச் சொல்வார்கள்: காலை 9 மணியிலிருந்து 10 அசைவு. இரவு 9 மணிக்குள் 10 ஆகவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு.


முறுக்கு அச்சு, பினாங்கு
மூன்று வாரம் கழித்து, திங்கள், இரவு 9.30

கேட்டவர்களுக்காகத் திரும்ப எழுதுகிறேன். இன்றோடு 33 நாள்.

கட்டி இப்போது கொட்டைப்பாக்கு அளவு. அழுத்தினால்தான் வலி. முழங்கால் மஞ்சள் ஐந்தாறு நாளில் போய்விட்டது. இடுப்பில் தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு நிற்கிறது. இடது பக்கம் அரை மணி நேரம் படுக்க முடிகிறது, அதற்கு மேல் கூசுகிறது. படி ஏறும்போது வலிக்கவில்லை, இறங்கும்போது லேசாக.

28ஆம் வார ஊசி போட்டாயிற்று. நானே கேட்டேன். தாதி புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “தெரிந்து வைத்திருக்கிறீர்களே” என்றார். எங்கிருந்து தெரிந்தது என்று நான் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பாட்டி வந்தார். இந்தப் பக்கத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். அத்தை வாசலிலேயே அவரிடம் சொல்லிவிட்டார். பாட்டி கோபிக்கவில்லை. உள்ளே வந்து தேநீர் குடித்தார், என் இடுப்பைத் தொடாமல் பார்த்தார், “கட்டி உறைந்திருக்கிறது, இதில் நானே கை வைக்க மாட்டேன்” என்றார். பிரசவம் முடிந்து 44 நாள் கட்டு முடியட்டும், அப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கொலுவிலிருந்த காமாட் எண்ணெயைத் தன் முழங்காலுக்கு வாங்கிக்கொண்டு போனார்.

மின்தூக்கியைப் பழுது பார்த்துவிட்டார்கள். நேற்று மறுபடி நின்றுவிட்டது.